அந்த இரண்டு வரியை எழுதாதே, கண்ணு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சாப்பிட்டேன், டூட்டியில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். என்னிடம் பேசினால் நான் கத்துவேன் என்று பயமா, இல்லை, பேசினால் நீ அழுதுவிடுவாய் என்றா, தெரியவில்லை. இரண்டுமே நடக்கக்கூடியதுதான். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலையில் உன் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் முன்னால் நீ போய் உட்காரவேண்டும். அதற்குள் உன் கைக்கு வந்துவிடவேண்டும் என்று இதை அம்மா கொண்டுவரும் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. யார் கேட்டாலும் காட்டு. எங்கள் தொழிற்சங்க ஆபீசில் ஒரு நகல் கொடுக்கப்போகிறேன், வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கட்டும். மூடி மூடி வைத்து நாம் கண்ட சுகம் போதும்.

உன்னிடம் கேட்பது இரண்டே வரி. என் கவனிப்பில் ஏற்பட்ட குறைக்கு வருந்துகிறேன். நோயாளியின் குடும்பத்தார் மனம் புண்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கீழே ஒரு கையெழுத்து. எழுதிக் கொடுத்தால் வேலை இருக்கும். கொடுக்காவிட்டால் போலீஸ், கோர்ட், டாக்டர் பதிவையே ரத்து செய்யவைப்போம் என்று நிற்கிறது அந்தக் குடும்பம். உங்கள் மேனேஜர் எவ்வளவு பதமாகப் பேசினார் என்று நீயே அம்மாவிடம் சொன்னாயாம். "டாக்டர், உங்க மேல தப்புன்னு நாங்க சொல்லலீங்க. ரெண்டு வரிதானுங்க. எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதிங்க." நம் ஊர்ப் பேச்சில் மரியாதைக்கு என்ன குறைச்சல். கழுத்தில் கத்தியை வைத்தாலும் கொஞ்சம் நகந்து உக்காருங்க என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள்.

நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதைக் கேட்டு நீயே குழம்பிவிடக்கூடாது. தாராபுரத்துப் பக்கம் நம் ஊரில், என் அப்பனும் அவருடைய அப்பனும் காலமெல்லாம் ஆள் வேலை பார்த்த தோட்டத்துப் பண்ணையக்காரரை, மாரடைப்பு என்று உன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்துவிட்டு வந்ததால், வரும்போதே பாதி உயிர்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றைக்கு நீ இருந்தாய். விலாசத்தைப் பார்த்ததும் எனக்குப் போன் போட்டாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த மனிதர் உயிருக்கு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அசிங்கமான சந்தோஷம்தான், ஆனாலும் வந்தது. அப்புறம்தான் நல்லாப் பாத்துக்க கண்ணு என்றேன். எந்த ஊர் என்று கேட்டால் கோயமுத்தூரிலேயே கணபதி என்று சொல்லிக்கொள், நம்ம ஊரைச் சொல்லாதே என்றும் சொன்னேன்.

அவருடைய மகன் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். "எங்களுக்குச் சாமி மாதிரி வந்திருக்கீங்க டாக்டர். எப்படியாச்சும் எங்கய்யனக் காப்பாத்திக் குடுத்துருங்க." நீ அதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் சாமி என்ற சொல் எங்கள் வாயிலிருந்துதான் வரும், அவர்களை நோக்கித்தான் போகும். இதே மகன் அம்மணமாக மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த வயதில் அவனை நான் சாமி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவன் என்னை டேய் என்பான். இடையில் ஒரு நாள் அவன் உன்னிடம் நீங்க எந்தக் கூட்டமுங்க என்று விசாரித்தான். ஒருவன் எந்தக் குலம், தங்கள் சாதிதானா என்று தெரிந்துகொள்ள அவர்கள் கேட்கிற நாகரிகமான கேள்வி அது. நீ காதில் விழாத மாதிரி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டருக்கு வேலை மும்முரம் என்று அவன் நினைத்துக்கொண்டான். நிறமும் பேச்சும் சரியாக இருந்தது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு. தங்கள் ஆளாகத்தான் இருக்கும் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான்.

ஒரு காலையில் அவருடைய இதயம் நின்றுபோனது. நெஞ்சின்மேல் கையை ஊன்றி நீ அமுக்கிக்கொண்டே இருந்தாய். நர்ஸ் போதும் சார் என்று சொன்ன பிறகும் அமுக்கினாய். வெளியே வந்து அவர்களிடம் சொன்னதும் நீதான். மகன் உன் தோளில் சாய்ந்து அழுதான். உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க என்று கும்பிட்டுவிட்டுத்தான் உடம்பை வாங்கிக்கொண்டு போனான். அந்தக் கும்பிடும் உண்மை, அழுகையும் உண்மை. அதை நான் சந்தேகப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நீ உன் சித்தப்பனைக் குற்றம் சொல்கிறாய். அவன் நம்பரைக்கூட பிளாக் செய்துவிட்டாயாம். அவன் செய்தது உனக்குப் புரியவேண்டுமென்றால் எழவு சொல்வது என்றால் என்னவென்று உனக்குத் தெரியவேண்டும். பண்ணையக்காரர் வீட்டில் சாவு விழுந்தால், அவர்களுடைய சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த நம் வளவிலிருந்து ஒருவன் போய்ச் சொல்லவேண்டும். உள்ளே போகக்கூடாது, வாசலுக்கு எட்டி நின்று சொல்லவேண்டும். இன்றைக்குச் செத்தவர் வீடு வந்து சேருவதற்குள் போனில் போட்டோ வந்துவிடுகிறது. ஆனாலும் வளவுக்காரன் வந்து சொல்லாவிட்டால் முறைப்படி சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

நான் ஏன் பத்தாவதோடு நின்றேன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய். எனக்குக் கணக்கு நன்றாக வரும். கணக்குப் பரீட்சை அன்று காலையில் பண்ணையக்காரரைப் பெற்ற அம்மா செத்துப்போனாள். என் அப்பன் காய்ச்சலில் கிடந்தார், தம்பி சின்னவன். போகவேண்டியது நான். பரீட்சை எழுதிவிட்டுப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, இதே பண்ணையக்காரர் திட்டவில்லை, அடிக்கவில்லை. "நீ பரீச்ச எழுதி என்னடா பண்ணப்போற" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. தாராபுரத்தில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் சைக்கிளை மிதித்தேன். என்னோடு படித்தவர்கள் அட்டையும் பேனாவுமாகக் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். இறங்கவில்லை. இறங்கியிருந்தால் என் அப்பனை அந்த ஊரில் இருக்கவிட்டிருக்கமாட்டார்கள். வெயில் தாழ்ந்து கொடுமுடிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அந்த அம்மாளின் தங்கை வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று சொன்னேன். எல்லாரும் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். இந்தப் பையனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். மறுமாதம் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மண் சலிக்கச் சேர்ந்தேன்.

நான் வந்துவிட்டேன். உன் சித்தப்பன் வரவில்லை. அப்பனையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள ஒருவன் அங்கே இருக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு எழவெல்லாம் அவன்தான் சொன்னான். நான் பட்டறையில் நின்றதும் உங்கம்மா வீட்டிலிருந்தபடியே மோட்டாருக்குக் காயில் சுற்றியதும் மட்டும்தான் உன்னைப் படிக்கவைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அவன் அங்கே குனிந்து நின்றதால்தான் நான் இங்கே நிமிர முடிந்தது.

இந்தத் தடவையும் அவன்தான் போனான், முட்டிவலியோடு மொபெட்டில். போன வீட்டிலெல்லாம் சாவைச் சொல்லிவிட்டு, எப்படிப் போச்சு உசுரு என்று அவர்கள் கேட்டபோது, இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். "கோயமுத்தூர்ல எங்கண்ணன் பையந்தானுங்க டாக்டரு. கடைசி மட்டும் அவருதானுங்க பாத்தாரு. தன் கையால நெஞ்ச அமுக்கி அமுக்கிப் பாத்தாருங்க." ஒரு வீட்டில் இல்லை, எல்லா வீட்டிலும். நம் வளவுக்காரன் ஒருவனை அந்த வாசல்களில் நின்று யாரும் அவரு என்று சொன்னதே இல்லை. கேட்டவர்கள் சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அழுவதற்கு முன்னால் அதைத்தான் பேசினார்கள். மகன் முதலில் நம்பவில்லையாம். அப்புறம் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். யாரென்று மறைத்து எங்களை ஏமாற்றினான், பழைய வன்மத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டான் என்று காரியம் முடிவதற்குள் பேச்சு வேறாகிவிட்டது. அதே கை, அதே நெஞ்சு. உன்னைக் கும்பிட்டவனே உன்மேல் புகார் எழுதினான்.

சித்தப்பன் முந்தாநாள் வந்திருந்தான். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான், உள்ளே வரவில்லை. "பெருமையாச் சொல்லிப் போட்டேண்ணா. வேற ஒண்ணும் நெனைக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இனித் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆட்டை ஓட்டிப்போகிற தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அவனைத் திட்டலாம் என்றுதான் நானும் எழுந்தேன், முடியவில்லை. அவன் தன் பெருமையைச் சொல்லிக்கொள்ள வேறு வாசல் ஏது கண்ணு? அந்தப் பெரிய வீடுகளில் அவன் பேச்சை எல்லாரும் நின்று கேட்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், சாவுக்கு. அந்த நேரத்தில் உன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். அவனுக்குப் போன் போடு. நாளைக் காலையில் உள்ளே போவதற்கு முன்னால் போடு.

மன்னிப்பு உனக்குப் புதிதில்லை. நீ படித்த காலம் முழுவதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் படித்தாய். பக்கத்து லேத் பட்டறைச் சத்தத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நீ பாடம் மனப்பாடம் செய்தபோது, விளக்குப் போட்டிருப்பதற்காக அம்மாவிடம் சாரி சொல்வாய். மெடிக்கல் காலேஜில் உன்னோடு இருந்தவன், கட் ஆஃப் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு ரூமுக்குப் போனான். என்னாலதான் போயிட்டாம்ப்பா என்று நீ போனில் சொன்னாய், நீ ஏதோ தப்புச் செய்த மாதிரி. வாய்மொழித் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகும், உங்களுக்கெல்லாம் பாஸ் போட்டாப் போதுமே என்று அந்தப் பேராசிரியர் சிரித்தபோது தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வந்தாய். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோதும் அப்படித்தான், ஸ்வீட் வாங்கிவந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாம் மூன்று பேரும் சாப்பிட்டோம். பொறுமையாக இரு, வம்பு வேண்டாம் என்று நான்தான் ஓதிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். படிப்பும் முடிந்தது, நீ டாக்டரும் ஆகிவிட்டாய். அப்படியும் சரியாகவில்லை என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

சின்னக் கடிதம் என்று சொல்லி வாங்குவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் வலது காலைப் பார்த்திருக்கிறாய். கரண்டியில் எடுத்துப்போன இரும்புக் குழம்பு சிந்திப் பாதம் வெந்துபோனது. பட்டறையில் கொடுத்த பூட்ஸ் கிழிந்து மாதக்கணக்காகியிருந்தது, வேறு கேட்டும் தரவில்லை. முதலாளி நல்ல மனிதர் என்றுதான் பெயர். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணு என்று கூப்பிட்டார். அவர் வயதிலும் அந்தஸ்திலும் ஒருவர் என்னைக் கண்ணு என்றது அதுதான் முதல் தடவை, நான் உருகிப்போய்விட்டேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கு ஒரு வரி என்றார். என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குணமாகிப் போனபோது அதே வரியைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தினார்கள். சங்கத்து வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நீயே ஒத்துக்கொண்ட பிறகு நான் என்னத்தைப் பேசுவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். உன் இரண்டு வரியும் மேனேஜர் மேஜைக்குள் தூங்காது. அது முதலில் போகிற இடமே கோர்ட்டாகத்தான் இருக்கும்.

உங்கம்மா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "எழுதிக் குடுத்துட்டுப் பொழைக்கட்டுமுங்க. எம்பையன் உசுரோட, வேலையோட இருந்தாப் போதும்" என்கிறாள். அவள் பயம் வெறும் பயமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாளாக நிற்கிற அவர்கள் வண்டிகளை அவளும் பார்த்தாள். அவள் பேச்சை மறைத்துவிட்டு என் பேச்சை மட்டும் எழுதுவது சரியில்லை, அதனால் எழுதிவிட்டேன். ஆனால் உன் இஷ்டம், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்று சொல்கிற அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரன் இல்லை. எழுதாதே. வேலை போனால் போகட்டும். அரசு ஆஸ்பத்திரிக்குப் பரீட்சை எழுது, வேறு ஊருக்குப் போ, ஒன்றும் இல்லாவிட்டால் கணபதியில் நம் தெருவிலேயே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார். உன் சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை என்று பெரிய டாக்டர் உன்னைத் தனியாக அழைத்துச் சொன்னாராமே, அதை நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லச் சொல். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக் கேள். கேஸ் ஷீட்டை எடுத்துவைத்து டாக்டர்களே விசாரிக்கட்டும் என்று கேள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இனிமேல் நம் ஊரைச் சொல், நம் வளவையும் சேர்த்துச் சொல். கணபதி என்று சொல்லச் சொன்னது நான். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அவர்களிடம் கேட்க இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவர் இன்ன காரணத்தால் இன்ன நேரத்தில் இறந்தார் என்று ஆஸ்பத்திரி கொடுத்த சான்றில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது நீ. அதைக் காட்டித்தான் சாவைப் பதிந்தார்கள். அதை வைத்துத்தான் அந்தத் தோட்டத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றப்போகிறார்கள், என் அப்பன் உழைத்துச் செத்த பிறகும் எங்களுக்கு ஒரு சாண் இல்லாத அந்தத் தோட்டத்தை. உன்மேல் புகார் கொடுத்த பிறகும் அந்த மகன் ஆள் அனுப்பி இன்னொரு நகல் வாங்கிப்போனான் என்று அம்மாவிடம் நீதான் சொன்னாய். அவனை அந்தச் சான்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கச் சொல். உன் கை சரியில்லாத கை என்றால், அந்தக் கையெழுத்தும் சரியில்லாததுதான், எங்களுக்கு வேண்டாம் என்று அவன் எழுதிக் கொடுக்கட்டும். அவன் எழுதிக் கொடுத்த பிறகு நீ உன் இரண்டு வரியைப் பற்றி யோசிக்கலாம்.

அப்பா